ஃபோனில் அழித்த புக்மார்க் கணினியிலும் போய்விட்டது: மீட்க வழி உண்டா? 1,400 சுட்டிகளை எப்படி ஒழுங்குபடுத்துவது?

வடகரை எழுதியது:

வணக்கம். ஆண்ட்ராய்டு ஃபோன், அலுவலகக் கணினி, வீட்டு லேப்டாப் மூன்றிலும் குரோம்தான், ஒரே கூகுள் கணக்கு. புக்மார்க் 1,400-ஐத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் தமிழ் வலைப்பூக்கள். ஒரே பக்கம் இரண்டு மூன்று இடத்தில் கிடக்கிறது.

ஃபோனில் பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று நேற்று மாலை "மாடித்தோட்டம்" ஃபோல்டரை ஃபோனில் அழித்தேன். இன்று காலை அலுவலகக் கணினியிலும் அதைக் காணவில்லை. சுமார் 200 சுட்டிகள். வீட்டு லேப்டாப் மூன்று நாளாக அணைத்தே கிடக்கிறது.

அந்த ஃபோல்டரை மீட்க முடியுமா? ஃபோனில் மட்டும் அழிக்க வழி உண்டா? இரட்டிப்பாக இருப்பவற்றை எப்படிக் களைவது?

கல்தூண் எழுதியது:

வடகரை, அந்த லேப்டாப்பை இப்போது ஆன் செய்யாதீர்கள். உங்கள் 200 சுட்டிகளும் அதில் அப்படியே இருக்கின்றன. இணையம் கிடைத்ததும் குரோம் கூகுள் கணக்கோடு பேசி, "இந்த ஃபோல்டர் அழிக்கப்பட்டது" என்ற செய்தியை வாங்கி அங்கேயும் அழித்துவிடும்.

முதலில் வீட்டு வைஃபை ரூட்டரையே அணையுங்கள். லேப்டாப் திறந்த பிறகு வைஃபையை ஆஃப் செய்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், அது பூட் ஆகும்போதே இணைந்துவிடும். ஃபோனில் ஹாட்ஸ்பாட் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறகு லேப்டாப்பில் குரோமைத் திறந்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் வரும். "மாடித்தோட்டம்" இருக்கிறதா என்று பாருங்கள். வலது மேல் மூலையில் தேடல் பட்டைக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்" கொடுங்கள். ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். அதைப் பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்த பிறகுதான் ரூட்டரை ஆன் செய்ய வேண்டும்.

அடுத்து அதே மூன்று புள்ளியில் "இம்போர்ட் புக்மார்க்ஸ்". புக்மார்க் பட்டையில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால், வருவதெல்லாம் "இம்போர்ட்டட்" என்ற புது ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அதிலிருந்து "மாடித்தோட்டம்" ஒன்றை மட்டும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "இம்போர்ட்டட்" முழுவதையும் உடனே அழித்துவிடுங்கள். இம்போர்ட் பழைய பட்டியலை மாற்றுவதில்லை, அதன்மேல் இன்னொரு முழுப் பட்டியலைச் சேர்க்கிறது. அந்த ஃபோல்டரை விட்டுவைத்தால் 1,200 சுட்டிகள் மறுபடி இரட்டிப்பாகும். பலரிடம் இரட்டைகள் பெருகுவது இந்த இடத்தில்தான்.

இப்படி அணைத்துக் கிடக்கும் இன்னொரு கணினி இல்லாதவர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. விண்டோஸில் யூசர்ஸ் > உங்கள் பெயர் > ஆப்டேட்டா > லோக்கல் > கூகுள் > குரோம் > யூசர் டேட்டா > டிஃபால்ட் என்று போனால் "புக்மார்க்ஸ்" என்ற கோப்பும், அதன் முந்தைய நகலாக "பேக்" என்று முடியும் இன்னொன்றும் இருக்கும். (ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் "ஹிட்டன் ஐட்டம்ஸ்" டிக் செய்தால்தான் தெரியும்.) அந்த நகல் ஓர் அமர்வில் முதல் மாற்றம் நடக்கும்போது எழுதப்படுவது. குரோமை மூடித் திறந்து வேறு எதையாவது சேமித்தால் அதுவும் போய்விடும். அதனால் எதையும் தொடுமுன் அதை டெஸ்க்டாப்புக்கு நகலெடுங்கள். நோட்பேடில் திறந்தால் முகவரிகள் எழுத்தாகவே கிடைக்கும்.

ஃபோனில் மட்டும் அழிப்பது பற்றி: சிங்க் (எல்லாச் சாதனங்களிலும் ஒரே பட்டியலை வைக்கும் வசதி) ஆனில் இருக்கும்வரை அது முடியாது. ஃபோனில் ஒரு பட்டியல், கணினியில் ஒரு பட்டியல் என்று இரண்டு கிடையாது. இருப்பது ஒன்றுதான், மூன்று திரையில் தெரிகிறது. ஃபோனில் அது தேவையே இல்லையென்றால் குரோம் செட்டிங்ஸில் மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டு, சிங்க் பகுதியில் புக்மார்க்ஸை மட்டும் ஆஃப் செய்யுங்கள். கடவுச்சொற்கள் முதலானவை தொடர்ந்து சிங்க் ஆகும். அதன் பிறகும் ஃபோனில் பழைய பட்டியல் மிச்சமிருந்தால் அதை அழிக்கலாம், கணினியைப் பாதிக்காது. ஆனால் மறுபடி ஆன் செய்தால் ஃபோனில் உள்ளதும் கணக்கில் உள்ளதும் கலந்துவிடும். ஒரு பக்கத்தில் ஃபோல்டர் பெயரை மாற்றியிருந்தால் அதே சுட்டி இரண்டு ஃபோல்டரிலும் வரும்.

என்னைக் கேட்டால் ஆஃப் செய்ய வேண்டாம். ஃபோனில் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவற்றைக் கணினியில் "அதர் புக்மார்க்ஸ்" கீழே ஒரே ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டால் போதும்.

களையெடுப்பைக் கணினியில் மட்டும் செய்யுங்கள். மேனேஜரில் தவறுதலாக அழித்தால் கன்ட்ரோல் + இசட் அழுத்தி உடனே திரும்பப் பெறலாம். ஃபோனில் கீழே சில நொடிகள் தோன்றும் "அன்டூ" போனால் போனதுதான். மேனேஜரின் தேடல் பெட்டி தலைப்பை மட்டுமல்ல, முகவரியையும் தேடும். ஒரு தளத்தின் பெயரைத் தட்டி, வந்ததையெல்லாம் கன்ட்ரோல் + ஏ கொடுத்துத் தேர்ந்து, இடப்பக்க ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டால் ஐம்பது சுட்டிகள் ஒரே வீச்சில் இடம் மாறும்.

ஏடகம் எழுதியது:

மீட்பது பற்றிக் கல்தூண் சொன்னது போதும். தமிழ் வலைப்பூச் சுட்டிகளுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு, அவற்றைச் சொல்கிறேன்.

2012-லிருந்து சில ஆண்டுகள், இந்தியாவிலிருந்து ஒரு பிளாக்ஸ்பாட் (கூகுளின் வலைப்பூத் தளம்) பக்கத்தைத் திறந்தால் முகவரி தானாகவே "பிளாக்ஸ்பாட் டாட் இன்" என்று மாறிவிடும். அந்த நிலையில் புக்மார்க் செய்ய நட்சத்திரத்தைத் தொட்டிருந்தால் சேமிக்கப்பட்டது டாட் இன் முகவரி. 2020-இல் அந்த டொமைன் கூகுளின் கையை விட்டுப் போய்விட்டது. அதனால் அந்தச் சுட்டிகள் இன்று திறக்காது. பக்கம் செத்துவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்! "இன்" இருக்கும் இடத்தில் "காம்" போட்டால், எழுதியவர் நீக்காத வரை பதிவு அப்படியே இருக்கும். வேறு கைக்குப் போன டொமைன் என்பதால் பழைய முகவரியை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. புக்மார்க்கை எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, கன்ட்ரோல் + எச் கொடுத்து டாட் இன்னை டாட் காம் ஆக மாற்றுங்கள். "பிளாக்ஸ்பாட்" என்ற சொல்லையும் சேர்த்தே தேடிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மற்ற இந்தியத் தளங்களின் முகவரியும் கெட்டுவிடும். சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். பழைய விண்டோஸில் அது ஏஎன்எஸ்ஐ என்று இருந்தால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். மூலக் கோப்பின் நகலைத் தனியே வைத்துக்கொண்டு, குரோமில் உள்ள பழையவற்றை அழித்துவிட்டு இம்போர்ட் செய்யுங்கள்.

இரட்டைகளுக்கு வருவோம். குரோமில் இரட்டைகளைத் தானே நீக்கும் வசதி இல்லை. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் உண்டு: ஃபேவரிட்ஸ் பக்கத்தின் மூன்று புள்ளியில் "ரிமூவ் டூப்ளிகேட் ஃபேவரிட்ஸ்". ஆனால் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் இரட்டை என்று கொள்ள முடியும். பிளாக்ஸ்பாட் பக்கத்தை ஃபோனில் சேமித்தால் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, எம், சமக்குறி, 1 என்று ஒட்டிக்கொள்ளும். கணினியில் சேமித்ததில் அது இருக்காது. கண்ணுக்கு ஒரே பதிவு, உலாவிக்கு இரண்டு முகவரி. மேனேஜர் தேடலில் அந்த வாலைத் தட்டிப் பாருங்கள், ஃபோனில் சேமித்ததெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். முகநூல், செய்திமடல் வழியாக வந்த சுட்டிகளில் "யூடிஎம்" என்று தொடங்கும் வால் இருக்கலாம், அதையும் இப்படியே தேடலாம்.

எது எப்போது சேர்த்தது என்று பார்க்க இன்னொரு வழி. எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் ஒவ்வொரு சுட்டிக்கும் ஒரு வரி. முகவரியை அடுத்து "ஆட் டேட்" என்று 10 இலக்க எண் இருக்கும். அது 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கை. 1325376000 என்றால் 2012 ஜனவரி 1. எண் 13 என்று தொடங்கினால் 2011 மார்ச் முதல் 2014 மே வரை சேர்த்தது, 15 என்றால் 2017 ஜூலை முதல் 2020 செப்டம்பர் வரை. டாட் இன் சிக்கல் பெரும்பாலும் 13, 14-இல் தொடங்கும் வரிகளில்தான் கிடைக்கும்.

தலைப்பு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் குறியுமாக இருந்தால், அது யூனிகோடுக்கு முன் தமிழைக் கணினியில் எழுதப் பயன்பட்ட திஸ்கி முறையில் அமைந்த பக்கமாக இருக்கலாம். குப்பை என்று எறியாமல், ரைட் கிளிக் > எடிட் போய்த் தலைப்பைத் தமிழில் எழுதிவிடுங்கள். 2009-இல் மூடிய ஜியோசிட்டீஸ் போன்ற இடங்களில் இருந்த பக்கம் என்றால் முகவரியைப் பழைய வலைப்பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வடகரை எழுதியது:

ரூட்டரை அணைத்துத்தான் லேப்டாப்பைத் திறந்தேன். ஃபோல்டர் இருந்தது, 212 சுட்டிகள், எடுத்துவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. தங்கை ஐஃபோனில் சஃபாரியும் கணினியில் ஃபயர்ஃபாக்ஸும் வைத்திருக்கிறாள். அங்கேயும் இதே வழிதானா?

கல்தூண் எழுதியது:

மகிழ்ச்சி. அவை இரண்டும் இந்த விஷயத்தில் குரோமைவிட மேல்.

ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே புக்மார்க் நகல்களை எடுத்து, கடைசி 15-ஐ வைத்திருக்கும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ > "இம்போர்ட் அண்ட் பேக்கப்" > "ரெஸ்டோர்" போனால் தேதி வாரியாகக் காட்டும். இங்கே ஒரு கவனம்: ரெஸ்டோர் என்பது இருப்பதை முழுக்கத் துடைத்துவிட்டு அந்தத் தேதியின் பட்டியலை வைப்பது. ஆகவே முதலில் அதே மெனுவில் "பேக்கப்" கொடுத்து இன்றைய நிலையைச் சேமிக்கச் சொல்லுங்கள். அங்கே டேக் (சுட்டிக்கு ஒட்டும் அடையாளச் சொல்) வசதியும் உண்டு. ஒரே சுட்டிக்கு "நெல்", "விதை" என்று இரண்டு டேக் போடலாம், இரண்டு ஃபோல்டரில் நகல் வைக்கத் தேவையில்லை. முகவரிப் பட்டையில் நட்சத்திரக் குறியும் ஓர் இடைவெளியும் விட்டுத் தட்டினால் புக்மார்க்கில் மட்டும் தேடும். (குரோமில் இதற்கு "அட்" குறி போட்டு, ஒட்டினாற்போல் ஆங்கிலத்தில் புக்மார்க்ஸ் என்று தட்டி, டேப் அழுத்த வேண்டும்.)

சஃபாரியில் புத்தகக் குறியைத் தொட்டு, சுட்டியை இடப்பக்கம் தள்ளினால் டெலீட் வரும். "ஃபேவரிட்ஸ்" ஃபோல்டரை மட்டும் அழிக்க முடியாது, உள்ளே இருப்பதை அழிக்கலாம். ஆப்பிளின் சேமிப்புச் சேவையான ஐகிளவுடில் சஃபாரி ஆனில் இருந்தால் இங்கேயும் ஒரு சாதனத்தில் அழித்தது எல்லாவற்றிலும் போகும். ஆனால் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து "டேட்டா ரெக்கவரி" > "ரெஸ்டோர் புக்மார்க்ஸ்" போனால் 30 நாளுக்குள் பழைய பட்டியலைத் திரும்பப் பெறலாம். அதுவும் இன்றைய பட்டியலின் இடத்தில்தான் வந்து உட்காரும். நடுவில் புதிதாகச் சேர்த்த சுட்டிகள் இருந்தால் முதலில் அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.