மீன்தொட்டித் தண்ணீரில் வளரும் வெண்டை மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?

மாடக்குளத்தான்: கொல்லையில் 500 லிட்டர் தொட்டி, உள்ளே ஜிலேபி மீன். நீல டிரம்மை நீளவாக்கில் அறுத்து ஜல்லி நிரப்பியிருக்கிறேன்; தண்ணீர் அதில் ஏறி, திரும்பத் தொட்டிக்கே வடிகிறது. கீரை அட்டகாசம். வெண்டையில் மட்டும் குருத்திலை மஞ்சள், நரம்பு பச்சை. யூரியா கொஞ்சம் போடலாமா?

கீரைக்காரி: ஐயோ, வேண்டாம் தம்பி! அது அம்மோனியாவாகி மீனைக் கொன்றுவிடும். தழைச்சத்து குறைந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறைவு. தண்ணீரில் காரம் கூடினால் செடியால் இரும்பை எடுக்க முடியாது. பி.எச் (அமில-கார அளவு) எவ்வளவு?

மாடக்குளத்தான்: 8.2 அக்கா. போர் தண்ணீர்.

பழைய மோட்டார்: ஜல்லியில் ரெண்டை வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், பி.எச் இறங்கவே விடாது.

மாடக்குளத்தான்: சோடா மாதிரி பொங்குகிறது! கருங்கல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிடவா?

பழைய மோட்டார்: ஒரேயடியாக வேண்டாம். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அந்தக் கல்லில்தான் ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கருங்கல்லுக்கு மாறுங்கள்.

கீரைக்காரி: அதுவரை செலேட் இரும்பு (தண்ணீரில் கரைந்தே நிற்கும்படி செய்த இரும்புச்சத்து) விடுங்கள். ஈ.டி.டி.ஏ (EDTA) வகை இந்த பி.எச்-ல் நிற்காது, ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் சிவக்கும், பயப்படாதீர்கள். அப்புறம், மஞ்சளான இலை முழுதாகத் தேறாது, புதுக் குருத்தைப் பாருங்கள்.