லீவரேஜ்: நெம்புதிறனா, விசைவாகா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டியை வீட்டிலேயே பழுதுபார்ப்பதற்கான தமிழ்க் கையேட்டில் ‘லீவரேஜ்’ (கருவியைப் பிடிக்கும் நிலையால் சிறு விசையே பெரிய வேலையைச் செய்வது) என்பதை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: நெம்புவலு, நெம்புதிறன், இயந்திர லாபம். வரைவில் உள்ள வாக்கியங்களில் மூன்றையும் ஒவ்வொன்றாக இட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்றும் இவ்விடத்துக்குப் பொருந்தவில்லை என்பதே என் கருத்து. நான்காவதாக ‘விசைவாகு’ என்பதை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கையேடு பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் நடக்கும் பழுதுநீக்கும் வகுப்புக்காக எழுதப்படுவது. வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகளும் பணி ஓய்வு பெற்றவர்களும் ஆவர். ஸ்பேனரைக் கையில் கொடுத்தவுடன் “எனக்கு அவ்வளவு பலம் கிடையாது” என்று சொல்லிவிட்டு அதைத் திருப்பித் தருபவர்கள் அவர்களில் பலர். நாம் தேடும் சொல் அந்த எண்ணத்தைக் கலைக்க வேண்டும். நெம்புவலு என்று எழுதினால், எதை வேண்டாம் என்கிறோமோ அதையே சொல்லுக்குள் கொண்டுவந்து வைத்தவர்கள் ஆவோம். நெம்புதிறனிலும் இதே சிக்கல்தான். அதோடு, பாடநூல்களில் ‘திறன்’ என்பது வாட் அலகில் அளக்கப்படும் அளவுக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைத்தான் நினைத்துக்கொள்ளும்.

இயந்திர லாபம் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. பளுவுக்கும் செலுத்தும் விசைக்கும் உள்ள விகிதத்தை அது குறிக்கிறது. திருப்புத்திறன் (டார்க்) என்பதைப் போலவே அதுவும் கணக்குப் போடுவதற்கான சொல். ஆனால், ஒருவர் தம் கையையும் கருவியையும் வண்டியையும் எந்த நிலையில் வைத்துக்கொள்கிறார் என்பதைச் சொல்ல அது உதவாது. “இயந்திர லாபத்துடன் ஸ்பேனரைப் பிடியுங்கள்” என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார்.

பெடலைக் கழற்றும் வேலையில் இதைத் தெளிவாகக் காணலாம். பெடலை முடுக்குவதற்கு உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு ஏறத்தாழ 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் (திருப்புத்திறனின் அலகு; விசையை நீளத்தால் பெருக்கினால் கிடைப்பது). 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 நியூட்டன் மீட்டரைப் பெற 200 நியூட்டன், அதாவது 20 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசை தேவைப்படும், 40 செ.மீ. ஸ்பேனர் என்றால் அதில் பாதி போதும். நீளத்தின் இந்தக் கணக்கை யாரும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதே நீளமான ஸ்பேனரை, கைப்பிடிக்குச் செங்குத்தாக அழுத்தாமல், கைப்பிடியோடு 30 பாகைக் கோணத்தில் சாய்வாக இழுத்தால் பயன்படும் விசை சரிபாதியாகிவிடுகிறது. நீளத்தால் வந்த ஆதாயம் கோணத்தால் போய்விடுகிறது. ஸ்பேனரை இழுக்க இழுக்க, பெடல் பொருத்தப்பட்டிருக்கும் கரமான கிராங்கும் கூடவே சுற்றிக்கொண்டால் எவ்வளவு நீளம் இருந்தும் பயனில்லை. ஆகவே நீளம், கோணம், முட்டு (அசையாமல் எதிர்த்து நிற்கும் பிடிமானம்) ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டியிருக்கிறது. அந்த ஒருங்கமைவுக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

கையேட்டில் நான் எழுதியிருக்கும் முறை இது. கிராங்கை முன்னோக்கிக் கிடைமட்டமாக நிறுத்தி, ஸ்பேனரைப் பெடல் அச்சில் மாட்டி, அதன் கைப்பிடி பின்சக்கரத்தை நோக்கியும் கிராங்குக்குச் சற்று மேலேயும் இருக்குமாறு வைக்க வேண்டும். இரண்டும் பாதி திறந்த கத்தரிக்கோலைப் போல இருக்கும். பிறகு கிராங்கையும் கைப்பிடியையும் ஒன்றாகச் சேர்த்து அமுக்கினால், கிராங்கே முட்டாக நின்றுவிடுவதால் அது சுற்றுவதற்கு வழியில்லை. இடது பெடலின் மரை வலது பெடலின் மரைக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருந்தாலும், இந்த நிலை இரு பக்கத்துக்கும் ஒன்றேதான்; எந்தப் பக்கம் திருப்புவது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முன்னால் பல்சக்கரங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால், சங்கிலியை முதலில் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றிவிடுவது நல்லது. கை வழுக்கினால் முட்டியில் பல் கிழிக்காது.

சென்ற மழைக்காலத்தில் துருவேறிப்போன ஒரு பெடலோடு கல்லூரி மாணவர்கள் இருவர் நெடுநேரம் மல்லுக்கட்டிவிட்டு விலகிக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அதே ஸ்பேனரை மேற்சொன்ன நிலைக்கு மாற்றி வைத்து, இரு உள்ளங்கைகளாலும் அமுக்கியபோது, மரை ‘நறுக்’கென்று விட்டுக்கொடுத்தது. அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் காவலாளி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அவர் சொன்னது: “இப்பத்தாம்மா வாகாப் புடிச்சீங்க.” என் பரிந்துரையின் ஊற்று அந்தப் பேச்சுதான். மூட்டையைத் தூக்குபவரும், மரத்தைப் புரட்டுபவரும், பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொள்ளும் தாயும் நாள்தோறும் ‘வாகாக’ என்கிறார்கள். விசை வீணாகாதபடி அமைந்த நிலை என்ற பொருள் அதில் முழுமையாக இருக்கிறது. நாம் அதைக் கலைச்சொல்லாக உயர்த்தினால் போதும்.

அப்படியானால் ‘நெம்புவாகு’ என்று வைக்கலாமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருக்கிறார். நெம்புதல் என்பது அடியில் ஒன்றைக் கொடுத்துக் கிளப்புவது. மேலே சொன்ன பெடலை யாரும் நெம்பவில்லை. ஃப்ரீவீலை, அதாவது பின்சக்கரத்தில் மரையால் பொருத்தப்படும் பல்சக்கரத் தொகுதியை, கழற்றும்போது இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகிறது. சங்கிலி இழுக்கும் ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை அதன் மரையில் மேலும் இறுக்கிக்கொண்டே இருப்பதால், பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் அதைச் சாதாரண ஸ்பேனரால் அசைப்பது அரிது. பழகியவர்கள் கழற்றும் கருவியைத் திருப்புவதில்லை. கருவியை வைஸில் (மேசையில் பொருத்திய பிடிகருவியில்) இறுக்கிவிட்டு, அதன்மேல் சக்கரத்தைப் படுக்கையாக உட்கார வைத்து, டயரை இருபுறமும் பிடித்துச் சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்புகிறார்கள். 700சி எனப்படும் அளவுள்ள ரிம்மில் டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர். ஆகவே இரு கைகளுக்கும் இடையில் 62 செ.மீ.க்குக் குறையாத அகலம் கிடைக்கிறது. ஒரு கை தள்ள மறு கை இழுப்பதால் உடலும் நிலைகுலைவதில்லை. இங்கே கோலும் இல்லை, நெம்பலும் இல்லை. கழற்றப்பட வேண்டிய பொருளே கைப்பிடியாகிவிட்டது. நெம்பு என்னும் வினையை ஒட்டி அமைந்த எந்தச் சொல்லும் இதற்குள் அடங்காது, விசைவாகு அடங்கும். (கன்னடத்தில் நெம்புகோலுக்குச் ‘சன்னெகோலு’ என்று பெயர். ‘சன்னெ’ என்றால் சைகை என்றும் பொருள் என்பதால், வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. அங்கும் கோல் இருக்கத்தான் செய்கிறது.)

எதிர்பார்க்கக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. உடல்வாகு என்ற வழக்கு இருக்கிறதே, வாகு என்றவுடன் கட்டுமஸ்தான உடல்தானே நினைவுக்கு வரும் என்று கேட்கலாம். உடல்வாகு என்பது உடலின் அமைப்பைச் சொல்கிறது, பலத்தைச் சொல்வதில்லை. ‘ஒல்லியான உடல்வாகு’ என்று தடையின்றி எழுதுகிறோம். அந்த வழக்கு என் பரிந்துரைக்குத் துணையாகவே நிற்கிறது. வாகு என்பதற்குத் தோள் என்ற பொருளும் உண்டு, அது வடசொல் வழி வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் சுட்டுவார்கள். பேச்சில் வழங்கும் ‘வாகாக’ என்பதில் தோளை யாரும் நினைப்பதில்லை என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

சொல்லின் எல்லையையும் குறித்துவிட வேண்டும். திறமையாகச் செய்யும் எல்லாவற்றையும் விசைவாகு என்று அழைக்கத் தொடங்கினால் சொல் நீர்த்துப்போகும். டயரை ரிம்மில் ஏற்றும்போது கடைசி ஒரு சாண் விளிம்பு உள்ளே போக மறுப்பது எல்லோரும் அறிந்ததுதான். பலர் அங்கே இரும்பு லீவரைப் போட்டு அழுத்தி, உள்ளே இருக்கும் டியூபைக் கடித்துவிடுகிறார்கள். ரிம்மின் நடுவில் ஓடும் பள்ளத்தின் குறுக்களவு ஓரத்தைவிடக் குறைவு. ஆகவே வால்வுக்கு நேரெதிரில் தொடங்கி, ஏற்கெனவே ஏறிய விளிம்பையெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்து வால்வுக்கு அருகில் முடித்தால், பெரும்பாலான டயர்கள் கட்டைவிரலாலேயே ஏறிவிடும். இங்கே நாம் விசையைப் பெருக்கவில்லை. விசையின் தேவையைக் குறைத்துவிட்டோம். இதற்கு ‘உத்தி’ என்ற பழைய சொல்லே போதும். வரைவில் அப்படியே விட்டிருக்கிறேன். நிதித்துறையில் கடன் வாங்கி முதலீட்டைப் பெருக்குவதையும் லீவரேஜ் என்கிறார்கள். அதற்கான சொல்லை அத்துறையினர் ஆக்கிக்கொள்ளட்டும், ஒரே சொல் இரண்டையும் சுமக்க வேண்டியதில்லை.

வரைவில் மாற்றிய வாக்கியங்கள் சில:

“விசை போதவில்லை என்று தோன்றினால், இன்னும் அழுத்துவதற்கு முன் விசைவாகைச் சரிபாருங்கள்.”

“குட்டையான ஸ்பேனரில் விசைவாகு குறைவு, ஆனால் சிறிய திருகுகளுக்கு அதுவே பாதுகாப்பு.”

“சக்கரத்தையே திருப்பினால் விசைவாகு பலமடங்கு கூடும்.”

இரண்டாவது வாக்கியத்தை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். விசைவாகு கூடக்கூட, எவ்வளவு இறுக்குகிறோம் என்பது கைக்குத் தெரியாமல் போகிறது. சீட் போஸ்ட் கிளாம்ப் (இருக்கைத் தண்டை இறுக்கும் பிடி) போன்றவற்றுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை போதும். அங்கே நீளமான கருவியை மாட்டினால் மரை போய்விடும்.

இதையொட்டி இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஸ்பேனரின் கைப்பிடியில் செருகி நீளத்தைக் கூட்டும் இரும்புக் குழாயைப் பட்டறைகளில் வெறுமனே ‘பைப்’ என்றுதான் சொல்கிறார்கள், எஸ்.ஜே.பி. ரோட்டு இரும்புக் கடைகளிலும் பைப் துண்டு என்று கேட்டுத்தான் வாங்கினோம். கையேட்டில் ‘பைப்’ என்று மட்டும் எழுதினால், அது வண்டிச் சட்டத்தின் குழாயையும் குறித்துவிடும். ‘நீட்டுக்குழாய்’ என்று எழுதியிருக்கிறேன். பட்டறை அனுபவம் உள்ளவர்கள் வேறு வழக்குச் சொல் கேட்டிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். விசைவாகு பற்றிய மறுப்புகளையும் அதே மடலில் எழுதலாம்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு