இரைப்பை அறுவைக்குப் பின் ஐந்தாம் ஆண்டில் வாழ்க்கை எப்படி இருக்கிறது?

கேள்வி: உறையூராள்

அனைவருக்கும் வணக்கம். என் வயது 34, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 47-ஐத் தாண்டுகிறது. திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் இரவில் முகத்தில் கருவி மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். இரண்டாம் மாடி வகுப்பு ஒதுக்கப்பட்டால், கீழ்த்தளத்திற்கு மாற்றித் தருமாறு தலைமையாசிரியரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்து, இரைப்பையை வெட்டி ஒடுக்கும் ஸ்லீவ், அதைச் சிறு பையாக்கிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கும் பைபாஸ் என்ற இரண்டு வகைகளையும் படம் வரைந்து விளக்கினார்.

அறுவையை எப்படிச் செய்வார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இணையத்தில் தேடினால் கிடைப்பவை எல்லாம் ஆறாம் மாதத்துப் படங்கள். பழைய சுடிதாரின் ஒரு காலுக்குள் இரு கால்களையும் நுழைத்துக்கொண்டு சிரிக்கும் படங்கள். ஐந்தாம் ஆண்டில் அவர்கள் வீட்டு அடுக்களையில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். எங்களுடையது கூட்டுக்குடும்பம். மாமியார் தோசை வார்க்கும்போது எத்தனை என்று எண்ணக் கூடாது. பாதியில் எழுந்தால் கோபித்துக்கொண்டதாகப் பொருள். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு வாய் உண்டுவிட்டு எழுந்திருப்பது எப்படி? உறவினர்களிடம் சொல்லிவிட்டீர்களா, மறைத்தீர்களா? எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செய்து பல ஆண்டுகள் ஆனவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: நொய்யல்

வணக்கம் சகோதரி. 2019-இல் கோவையில் எனக்குப் பைபாஸ் செய்தார்கள். அன்று 126 கிலோ, இரண்டாம் ஆண்டு முடிவில் 73, இன்று 82. இந்த ஒன்பது கிலோ ஏற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. கீழே போன முள் ஓரளவு மேலே வருவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான் என்று தெரியாததால், மூன்று கிலோ ஏறியபோதே எல்லாம் வீணாகிவிட்டது என்று அழுதேன்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களும் நீராகாரம்தான். கொழுப்பேறிப் பெருத்த கல்லீரல் இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும்; அது சற்றுச் சுருங்கினால்தான் மருத்துவருக்கு வழி கிடைக்கும் என்றார்கள். அறுவை முடிந்த பிறகு எனக்கு விடப்பட்ட இரைப்பைப் பை ஏறக்குறைய 30 மில்லி. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் ஒன்றிரண்டு முறை முகந்தால் நிறைந்துவிடும் அளவு. முதலில் தெளிந்த நீர், பிறகு பருப்புத் தண்ணீர், பிறகு மசித்த உணவு என்று வாரக் கணக்கில் ஏறிவந்து, இரண்டாம் மாதத்தில்தான் பல்லுக்கு வேலை வந்தது.

உண்மையான சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. நாம் சோற்றை மெல்லுவதில்லை. குழம்பும் ரசமும் மோரும் ஊற்றிப் பிசைந்து வழுக்கி விழுங்குகிறோம். நாற்பது ஆண்டுகள் அப்படி உண்ட எனக்கு, ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்று, உண்ணும்போது ஒரு சொட்டு நீரும் பருகாமல், அரை மணி நேரம் கழித்தே தண்ணீரைத் தொட வேண்டும் என்பது அறுவையைவிடக் கடினமாக இருந்தது. நான்காம் மாதத்தில் ஒருநாள் பசி மிகுதியால் அல்ல, பழக்கத்தால் தயிர்ச்சோற்றை வேகமாக விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்கு நடுவே கல் வைத்ததுபோல் அடைத்து, வாயில் நுரை நுரையாக உமிழ்நீர் சுரந்து, கடைசியில் வாந்தியாகி வெளியே வந்தபிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த பாடம் ஒரு திருமணப் பந்தியில். அரைக் கிண்ணம் பாயசம்தான். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, மணப்பெண் அறையில் படுத்துவிட்டேன். பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை நேரே சிறுகுடலில் இறங்கி அங்கே நீரை இழுப்பதால் வரும் கோளாறு இது, டம்பிங் என்பார்கள். ஒருவகையில் எனக்கு அது காவல்காரனாகவே இருந்தது.

நான் செய்த பெருந்தவறு மூன்றாம் ஆண்டில். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். பத்து மாதங்களில் பாதங்கள் மரத்துப்போயின, படியேறினால் மூச்சு வாங்கியது, ஹீமோகுளோபின் 7.8 என்று வந்தது. இரும்பும் சுண்ணாம்பும் பெரிதும் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைத் தாண்டித்தான் என் உணவு இப்போது போகிறது என்பதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கொண்டேனே தவிர உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. இரும்புச் சத்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். பி12 ஊசி இன்றும் தொடர்கிறது.

முடி நான்காம் மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டி, ஓராண்டுக்குள் திரும்ப வளர்ந்துவிட்டது. தோல் திரும்பவில்லை. கையின் மேற்பகுதியிலும் அடிவயிற்றிலும் மடிந்து தொங்குகிறது. கோடையில் அந்த மடிப்புகளில் வேர்க்குருவும் புண்ணும் வருகின்றன. சர்க்கரை நோய்க்குப் போட்டுவந்த இன்சுலின் முதல் மாதத்திலேயே, எடை பெரிதாகக் குறையும் முன்பே, நின்றது. ஆறாம் ஆண்டில் ஒரு மாத்திரை மட்டும் மீண்டும் சேர்ந்திருக்கிறது.

உறவினர்களிடம் முதலில் சொல்லவில்லை. சொல்லாமல் 50 கிலோ குறைந்தால் ஊர் சும்மா இருக்குமா? சர்க்கரை முற்றிவிட்டது என்றார்கள். பெரியம்மா ஒருவர் புற்றுநோய் என்றே முடிவு செய்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு சொல்லிவிட்டேன்.

பதில்: இரவுப்பணி

என் கதை நொய்யல் அவர்களுடையதைப்போல் அமையவில்லை. அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. 2018-இல் சென்னையில் ஸ்லீவ் செய்துகொண்டேன். 142 கிலோவிலிருந்து 96 வரை இறங்கி, இப்போது 119-இல் நிற்கிறேன்.

ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெருமளவில் உருவாகும் மேற்பகுதியும் வெட்டப்படும் பகுதியோடு போய்விடுகிறது. அதனால் முதல் ஓராண்டு எனக்குப் பசி என்பதே தெரியவில்லை. பசி போனது, ஆனால் தின்ன வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு அலுவலகத்தில் எல்லாரும் தேநீருக்கு எழுந்தால் நானும் எழுவேன். சப்பாத்தியும் கறியும் அடைக்கும். முறுக்கும் மிக்சரும் பொடியாகி வழுக்கிக்கொண்டு போகும். ஐஸ்கிரீம் கேட்கவே வேண்டாம். இரைப்பையை ஏமாற்றும் வழியை நாக்கு ஆறே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டது. சர்க்கரை போட்ட தேநீர் மட்டும் ஒரு நாளைக்கு ஆறு. ஸ்லீவில் டம்பிங் காவல் அவ்வளவாக இல்லாததால் என்னைத் தடுப்பாரும் இல்லை.

இன்னொன்று நெஞ்செரிச்சல். முன்பு இலேசாக இருந்ததை நான் மருத்துவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குழாய்போல் ஒடுங்கிய இரைப்பையில் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறுகிறது. இப்போது தலைப்பக்கம் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாது. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றலாம் என்கிறார்கள். 2025-இல் எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசி இந்தியாவுக்கு வந்தபிறகு, முதலில் அதை முயன்று பார்க்கலாம் என்று வேறொரு மருத்துவர் சொல்கிறார்; எடைக்கு அது உதவினாலும் எரிச்சலுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. நீங்கள் முடிவெடுக்கும் முன், வாய்வழியே குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்து, உணவுக்குழாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

காப்பீடு குறித்தும் ஒரு சொல். இந்திய அறுவை மருத்துவர்கள் நம் உடல்வாகைக் கருதி, பி.எம்.ஐ. 37.5, உடன் நோய்கள் இருந்தால் 32.5 என்ற அளவிலேயே அறுவையைப் பரிந்துரைப்பதுண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதியோ 40, அல்லது 35-உடன் கடுமையான இணைநோய் என்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள்தான் கைக்காசைச் செலவழிக்கிறார்கள். உங்கள் எண் 47 என்பதால் அந்தத் தடை இராது. ஆனாலும் பாலிசியின் காத்திருப்புக் காலத்தைப் படித்துவிடுங்கள். என் விண்ணப்பம் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டது, மூச்சுத்திணறலுக்கான உறக்கப் பரிசோதனை அறிக்கையை இணைக்காததால்.

பதில்: மதுரை உணவியலர்

இத்துறையில் பணிபுரிவதால் விடுபட்ட சிலவற்றைச் சேர்க்கிறேன். உங்கள் மருத்துவரின் சொல்லே இறுதியானது.

குழந்தை குறித்து முதலில். எடை குறையத் தொடங்கியதும் சினைமுட்டை வெளிப்படுவது சீராகி, பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் எதிர்பாராமல் கருவுறுவதைப் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சிதான், ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்களுக்கு அது வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. தாயின் உடல் கரைந்துகொண்டிருக்கும் காலத்தில் கருவுக்குச் சத்துப் போதாமல் போகலாம். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாமல் போக வாய்ப்புள்ளதால், வேறு முறையை மகப்பேறு மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள். பின்னாளில் கருவுற்றால், சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் உங்கள் அறுவையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கரைசலே டம்பிங்கைக் கொண்டுவந்துவிடும்.

அடுத்தது புரதம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம்தான் இருக்கிறது. ஒரு முட்டையில் 6, நூறு கிராம் பனீரில் ஏறக்குறைய 18. வயிற்றில் இடம் குறைவு என்பதால் எது முதலில் போகிறது என்பதே கேள்வி. சுண்டல், மீன், முட்டை ஆகியவற்றை முடித்துவிட்டு, இடம் இருந்தால் இட்லி. நம் வீடுகளில் வரிசை தலைகீழாக இருக்கிறது, பொரியல்கூடச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தான்.

முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்லோஃபினாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், பைபாஸுக்குப் பின் அது கூடவே கூடாது. இணைப்புப் பகுதியில் புண் உண்டாகும். புகைபிடிப்பதும் அப்படியே. மேலும், வாந்தி சில நாள்களுக்கு மேல் நிற்காமல் தொடர்ந்தால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். தயாமின் என்னும் பி1 சத்து சில வாரங்களிலேயே தீர்ந்து மூளையைப் பாதிக்கக்கூடும். காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் வயிற்றுவலியும் முதல் சில வாரங்களில் வந்தால், தையல் வரிசையில் கசிவு இருக்கலாம். அது அரிது, ஆனால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒன்று.

பதில்: அடுக்களைக் கணவர்

அறுவை செய்துகொண்டவர் என் மனைவி; ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மாமியாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, "நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு வெட்டணும்?" என்றார்கள். நான் வாதாடவில்லை. உணவியலரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துச் சென்றேன். எங்களிடம் சொல்வதை அவர் அம்மாவைப் பார்த்தே சொன்னார். அன்றிலிருந்து அம்மா காவல் நிலையமாகிவிட்டார்கள். சின்னக் கிண்ணம் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, அதற்குமேல் யார் பரிமாறினாலும் விடுவதில்லை. மாத்திரை விழுங்கியாகிவிட்டதா என்று கேட்பதும் அவர்கள்தான்.

முதல் ஆண்டில் மனைவி காரணம் சொல்லாமல் அழுவார். மாலையில் பஜ்ஜியும் அரட்டையுமாக உட்கார்ந்த பொழுது இல்லாமல் போனதுதான் காரணம் என்று எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. நானோ வீட்டில் பட்சணம் இல்லாத வருத்தத்தில் வெளியே தனியாகத் தின்று ஆறு கிலோ ஏறினேன். இப்போது அந்த நேரத்தில் இருவரும் நடக்கப் போகிறோம், மழை பெய்யாத நாள்களில்.

உறையூராள்

எல்லாருக்கும் நன்றி. எனக்கும் படுத்தால் புளித்த ஏப்பம் வருவது உண்டு. அதை இதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை என்பது இரவுப்பணி அவர்களின் பதிலைப் படித்தபோதுதான் உறைத்தது. வரும் வியாழக்கிழமை எண்டோஸ்கோப்பிக்கு நாள் வாங்கியிருக்கிறேன். மாமியாரையும் அழைத்துப் போகிறேன். மாவட்டம் விட்டு மாவட்டம் போய்ச் செய்வதா, இங்கேயே செய்வதா என்பதை அதன்பிறகு பார்க்கலாம். பல ஆண்டுகள் தொடர்ந்து காட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் அருகில் இருப்பதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரே ஓர் ஐயம் நொய்யல் அக்காவுக்கு. மோரை உணவோடு அல்லாமல் தனியாகவாவது குடிக்கலாமா? அது இல்லாமல் கோடையைக் கழிக்க எனக்குத் தெரியாது.

நொய்யல்

குடிக்கலாம், நன்றாக நீர் விளாவி, உப்புப் போட்டு, மடக்கு மடக்காக. நான் பதினொரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று. முதல் மாதங்களில் ஒரு தம்ளர் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். வகுப்பு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.