தங்கச்சி மாத்திரையை நிறுத்திவிட்டாள், ஐயரிடம் சொல்லலாமா?

பாளைக்காரி:
தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை, தூக்கமில்லை, பிள்ளை வீறிட்டு அழுதாலும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மனநல டாக்டர் பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பத்து நாள் போட்டாள், அதற்குள் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர் விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டுவிட்டுப் போக, அன்று ராத்திரியே நிறுத்திவிட்டாள். எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் பேசலாம் என்றால், "ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்புல என் பேர் வந்துடும்க்கா" என்கிறாள். எங்கள் அத்தை வீட்டுச் சண்டை அப்படித்தான் பெண்கள் ஐக்கிய சங்கம் முழுக்கப் பரவியது, அதனால் என்னாலும் வற்புறுத்த முடியவில்லை. என்ன செய்யட்டும்?

ஓய்வுபெற்ற ஐயரம்மா:
மகளே, முதலில் நீ மட்டும் போ. "நான் சொல்வது உங்களோடு நிற்குமா, பேர் சொல்லாமல் ஜெபிப்பீர்களா" என்று நேராகக் கேள். அவர் தயங்கினால் எதுவும் சொல்லாமல் வந்துவிடு, பக்கத்துச் சேகரத்து (பக்கத்துச் சபை வட்டார) ஐயரைப் பார்க்கலாம். வருகிறவர் பிரசங்கம் பண்ணக் கூடாது. வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லையே, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன, சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவரை மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். இப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் ரசம் சோறு எடுத்துக்கொண்டு போவேன், தாய் இரண்டு மணி நேரம் தூங்கட்டும் என்று பிள்ளையை நான் வைத்துக்கொள்வேன், நான் கிளம்பும்போது ஜெபம் இரண்டே வரி.

வார்டு சிஸ்டர்:
அக்கா, ஐயர் வரட்டும், ஆனால் டாக்டருக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள். இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும், பத்து நாளில் ஒன்றும் தெரியாது. நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள், தாய்ப்பால் கொடுக்கிறாளா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று, கேட்கக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும்: "சாகணும்னு தோணுதா, பிள்ளையை ஏதாவது செய்துடுவோமோன்னு தோணுதா?" ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரி. நடுராத்திரி என்றாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழில் பேசலாம், இலவசம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவார்கள். அது மிஷன் ஆஸ்பத்திரிதான், அங்கே ஜெபமும் உண்டு, மாத்திரையும் உண்டு.

நாசரேத்து அண்ணன்:
மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? என் மனைவிக்கு இப்படி இருந்தபோது சோம்பல் என்றுதான் நினைத்தேன். ஒரு போதகர் என்னைத் தனியாக உட்காரவைத்து, ராத்திரி யார் எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உங்கள் மாப்பிள்ளையையும் ஐயர் பார்க்கட்டும்.

பாளைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. கேட்டேன், "சாகணும்னு இல்லக்கா, காணாமப் போயிடணும் போல இருக்கு" என்றாள். டாக்டரிடம் சொல்லிவிட்டேன், நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார், அதுவரை யாராவது கூடவே இருக்க வேண்டுமாம். இன்று ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுக்கிறேன். மாப்பிள்ளை தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறிவிட்டார்.