1982லருந்து சத்துணவு செலவு கணக்கு வேணும், பழைய பட்ஜெட் புக் எங்க கிடைக்கும்?

வணக்கம் மக்களே, 1982 ஜூலைல சத்துணவு திட்டம் ஆரம்பிச்சதுலருந்து தமிழ்நாடு அரசு வருஷாவருஷம் அதுக்கு நிஜமா எவ்ளோ செலவு பண்ணுச்சுனு ஒரே வரிசையா தொகுக்கணும்னு ரொம்ப ஆசை, ஆனா நெட்ல ஈஸியா கிடைக்கிறது பெரும்பாலும் சமீப வருஷங்கதான். பட்ஜெட் மதிப்பீட்ட எடுத்தா போதும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது சரியா படல, அது ஒதுக்க நெனச்ச தொகைதானே, உண்மையா செலவானது ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற பட்ஜெட் புக்லயும் சிஏஜியோட (அரசுக் கணக்க தணிக்கை பண்ற அமைப்பு) நிதிக் கணக்குலயும்தான் இருக்கும்.

பெரிய தலைவலி என்னன்னா 1987 ஏப்ரல்ல கணக்குத் தலைப்பு (செலவ துறைவாரியா பிரிச்சு எழுதுற குறியீடு) நம்பரெல்லாம் நாலு இலக்கமா மாறிடுச்சு, இப்ப 2236னா ஊட்டச்சத்து, அதுக்கு முந்தின வருஷங்கள எதோட பொருத்துறது, யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?

விலைவாசி ஏத்தத்த கழிக்க தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு எடுக்கலாம்னு இருக்கேன் (2001ஐ 100னு வச்ச அடிப்படை எண்ண 4.63ஆல பெருக்குனா 1982 அடிப்படைக்கு வந்துரும்), இல்ல சாப்பாட்டுக்கான குறியீட்ட மட்டும் தனியா எடுக்கிறது நல்லதா?

எண்பதுகளோட புக்க கன்னிமாரா நூலகத்துலயோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயோ பாத்தவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், போட்டோ எடுக்க விடுவாங்களா? ஸ்கேன் வச்சிருக்கவங்க அனுப்புனா தொகுத்த எக்செல் ஷீட்ட இங்கயே எல்லாருக்கும் போட்டுடறேன்.