சம்பள ஷீட் சாயப்பட்டறைக்குப் போய்விட்டது: வெளியே போகும் மெயிலை எங்கே நிறுத்துவது?

நூல்கண்டு (கேள்வி)

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். சிஸ்டம் என்றால் பிரிண்டர், சிசிடிவி, மெயில், முதலாளி வீட்டு வைஃபை எல்லாம் சேர்த்துத்தான். ஆபீசில் 38 பேருக்கு மெயில் இருக்கிறது. கூகுள் ஒர்க்ஸ்பேஸ்தான், ஆனால் பாதிப் பேர் அதை அவுட்லுக்கில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

போன மாதம் 12ஆம் தேதி, பி.எஃப். கட்ட மூன்று நாள்தான் இருக்கிறது என்ற அவசரத்தில், எச்.ஆர். பெண் 214 பேரின் சம்பள ஷீட்டை கன்சல்டன்ட் செல்வத்துக்கு அனுப்ப உட்கார்ந்தார். ‘செல்’ என்று அடித்ததும் அவுட்லுக் முதலில் காட்டியது சாயப்பட்டறைச் செல்வத்தை. எண்டரைத் தட்டிவிட்டார். பெயர், ஆதார், வங்கிக் கணக்கு, சம்பளம் எல்லாம் போயிற்று. போனதைத் திரும்பக் கூப்பிட வழியில்லை, ஃபோன்தான் போட்டேன். அவர் அதற்குள் திறந்து பார்த்துவிட்டார். “என்னங்க, கட்டிங் மாஸ்டருக்கு இவ்வளவு குடுக்கறீங்களா?” என்றார். அழித்துவிட்டேன் என்கிறார். நம்புகிறேன், வேறென்ன செய்ய?

இப்போது முதலாளி, அட்டாச்மென்ட் உள்ள எந்த மெயிலும் தான் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் போக வேண்டும் என்கிறார். ஒரு நாளைக்கு 300 மெயிலாவது அப்படிப் போகும். அவரோ மாதத்தில் பத்து நாள் ஊரிலேயே இல்லை. மெயில் செக் பண்ணும் சாஃப்ட்வேர் விற்பவர் சொன்ன விலையைக் கேட்டு எழுந்து போய்விட்டார்.

நானே, 12 இலக்க எண் இருந்தால் நிறுத்து என்று ஒரு ரூல் போட்டேன். ஒரு மணி நேரத்தில் டெஸ்பாட்ச் ஆட்கள் என் டேபிளைச் சுற்றி நின்றார்கள். எடுத்துவிட்டேன். இதற்கு வழி உண்டா?

கியூ_காவலன்

டெஸ்பாட்ச் உங்கள் டேபிளுக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை. சரக்கோடு போகும் இ-வே பில் எண்ணும் 12 இலக்கம்தான். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பி.எஃப்.பில் தரும் யு.ஏ.என். எண்ணும் 12தான்.

ஆதார் 0, 1 இரண்டிலும் தொடங்காது. யு.ஏ.என். பொதுவாக 10 என்று ஆரம்பிப்பதால் அது இதிலேயே கழிந்துவிடும். இ-வே பில் கழியாது. ஆதாரின் கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கத்திலிருந்து வெர்ஹோஃப் முறைப்படி கணக்குப் போட்டு வருவது. அதைச் சரிபார்க்கும் டிடெக்டர் இருந்தால் ஆதார் அல்லாத எண்களில் பத்தில் ஒன்பது கழிந்துவிடும். எண்ணின் வடிவத்தை மட்டும் பொருத்திப் பார்க்கும் ரெஜெக்ஸை வைத்து நடைமுறையில் அந்தக் கணக்கைப் போட முடியாது. பத்தில் ஒன்று அப்போதும் தப்பி வரும். அதனால் ஒரு எண்ணைத் தேடாதீர்கள், கூட்டத்தைத் தேடுங்கள். கூகுள் அட்மின் பக்கத்தில், மெயிலின் உள்ளடக்கத்தைப் பார்க்கும் கன்டென்ட் கம்ப்ளையன்ஸ் ரூலில் குறைந்தது இத்தனை தடவை பொருந்த வேண்டும் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 5 போடுங்கள், கூடவே ‘ஆதார்’ என்ற சொல்லும் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்று சேருங்கள். நான்கு நான்காக இடைவெளி விட்டு எழுதினாலும் பொருந்துகிற மாதிரி எழுதுங்கள், எக்சலில் பாதிப் பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

பான் எண்ணுக்கும் ரூல் போடப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. எண்ணின் நடுவில் இருக்கும் பத்து எழுத்தும் பான்தான். 33இல் தொடங்கும் ஜி.எஸ்.டி. எண் உள்ள ஒவ்வொரு இன்வாய்ஸும் மாட்டும். முன்னும் பின்னும் வேறு எழுத்தோ எண்ணோ ஒட்டியிருக்கக் கூடாது, நான்காவது எழுத்து ‘பி’யாக இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போதும். தனிநபர் பானில் மட்டும்தான் அந்த இடத்தில் ‘பி’ வரும்.

முக்கியமான விஷயம்: முதல் இரண்டு வாரம் எதையும் நிறுத்தாதீர்கள். பொருந்திய மெயிலின் நகல் உங்களுக்கு வரட்டும், அசல் போகட்டும். எது தப்பாக மாட்டுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, மெயிலைப் பிடித்து வைக்கும் குவாரன்டைனுக்கு மாற்றலாம். பாஸ்வேர்ட் போட்ட ஜிப்புக்குள் இது பார்க்காது, அதையும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாமதமே_நலம்

காவலன் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் உங்கள் வழக்கில் தப்பு நடந்தது பெறுநர் கட்டத்தில். 2014இல் ஆஸ்திரேலியக் குடியேற்றத் துறையில் இதேதான் நடந்தது. பிரிஸ்பேன் ஜி20 மாநாட்டுக்கு வரவிருந்த தலைவர்களின் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாம் ஆசியக் கோப்பைக் கால்பந்து நடத்துபவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒபாமா, மோடி இருவரும் அந்தப் பட்டியலில் உண்டு. காரணம் அவுட்லுக் தானாக நிரப்பிய பெயர். அங்கேயே அப்படி என்றால் உங்கள் எச்.ஆர். பெண்ணைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

அவுட்லுக்கில் ‘செல்’ அடித்தால் வரும் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பெருக்கல் குறி இருக்கும். எச்.ஆர். கணினியில் பட்டறைச் செல்வத்தை அதை வைத்து எடுத்துவிடுங்கள். அப்புறம், பழைய அவுட்லுக் என்றால் அனுப்பும் மெயிலை இரண்டு நிமிடம் பிடித்து வைக்க ஒரு ரூல் போடலாம், 120 நிமிடம் வரைகூடப் போகும். அவுட்லுக் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிமெயிலில் அனுப்பியதைத் தடுக்கும் அன்டூ அதிகபட்சம் 30 நொடி. நான் இரண்டு நிமிடம் வைத்திருக்கிறேன். அனுப்பு என்று தட்டிய கையோடு ‘அய்யோ’ என்று வாயில் வருகிறது பாருங்கள், அதற்கு அது தாராளம்.

சம்பளம்_போடுறவ

பதினோரு வருஷமாக இந்த ஷீட்டோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், ஒன்று கேட்கிறேன். பி.எஃப். கன்சல்டன்டுக்கு ஆதார் எதற்கு? பி.எஃப். தளத்தில் மாதா மாதம் ஏற்றும் ஈ.சி.ஆர். கணக்கு ஃபைலில் யு.ஏ.என்., பெயர், சம்பளம், பிடித்தம், சம்பளமில்லாத நாள் இவைதான் வரும். ஆதாருக்கு நெடுவரிசையே கிடையாது. வங்கிக் கணக்கு எண் வங்கிக்குப் போக வேண்டியது. கட்டிங் மாஸ்டர் எவ்வளவு வாங்குகிறார் என்று பி.எஃப். ஆளுக்குத் தெரியத்தான் வேண்டும், ஆனால் அவர் கணக்கு எண் எதற்கு? யாரோ ஆரம்பத்தில் ஒரே ஷீட்டாகப் போட்டுவிட்டார்கள், அதையே எல்லாருக்கும் அனுப்புகிறீர்கள். மூன்றாகப் பிரியுங்கள். நெடுவரிசையை ஹைட் பண்ணி அனுப்புவதைப் பிரிப்பது என்று நினைத்துவிடாதீர்கள், நூல்கண்டு தம்பி. 2022இல் பிரிட்டன் ராணுவ அமைச்சகத்திலிருந்து கிட்டத்தட்ட 19,000 ஆப்கானியர்களின் விவரம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டாக மெயிலில்தான் வெளியே போனது. தேவையான கொஞ்சத்தை மட்டும் அனுப்புகிறோம் என்றுதான் அனுப்பியவர் நினைத்திருந்தார்.

இன்னொன்று. முதலாளி ஓகே சொல்ல வேண்டும் என்று வைத்தால், வாங்கும் கம்பெனிகளோடு பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள் அன்றைக்கே வாட்ஸ்ஆப்புக்கு மாறிவிடுவார்கள். எங்கள் ஆபீசில் அப்படித்தான் ஆனது. பையருக்கு அனுப்பும் விலைப்பட்டியலே ஃபோன் வழியாகப் போனது. அங்கே எந்த ரூலும் கிடையாது.

நூல்கண்டு

அக்கா, ஷீட்டைப் பிரித்தாயிற்று. எச்.ஆர். பெண் எப்போதோ கேட்டிருந்தாராம், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவுட்லுக்கில் இரண்டு நிமிடமும் வைத்தாயிற்று. முதல் நாளே அக்கவுண்ட்ஸ் ஒருவர் அவுட்பாக்ஸில் மெயில் சிக்கிக்கிடக்கிறது என்று நாலு தடவை கூப்பிட்டார்.

காவலன் சார் சொன்னபடி நகல் மட்டும் எடுக்கும் ரூலை ஒரு வாரம் ஓட்டினேன். ஒன்பது மாட்டியது. ஆறு எச்.ஆரிலிருந்து, பழைய ஷீட். இரண்டு வீண். ஒன்பதாவது, முதலாளி விசாவுக்காக டிராவல்ஸ்காரருக்கு அனுப்பிய குடும்ப ஆதார், மொத்தம் ஐந்து பேருடையது. அதை அவரிடம் எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சம்பளம்_போடுறவ

காட்டாதீங்க தம்பி. ஓகே வாங்கணும்னு அவருக்கே அனுப்புங்க.