கப்பல்ல கீபோர்டு வாசிக்க வேலை: ஏஜென்ட் 1,75,000 கேட்கிறார், கட்டலாமா?

முத்துநகர்_கீஸ்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தூத்துக்குடி, வயசு 24. பத்து வருஷமா கோயில் கொயர்ல கீபோர்டு வாசிக்கேன். கொடை சீசன்ல, கல்யாண ரிசப்ஷன்ல லைட் மியூசிக் ட்ரூப் கூடயும் போவேன். ஒரு நைட்டுக்கு 2,000 ரூபா தருவாங்க, சில நாள் பிரியாணியோட சரி. பியானோல ட்ரினிட்டி (லண்டன் காலேஜ் நடத்துற மியூசிக் தேர்வு) அஞ்சாவது கிரேடு முடிச்சிருக்கேன்.

எங்க தெருவுல பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் கப்பல்ல இருக்காங்க. ஆனா எல்லாரும் சரக்குக் கப்பல்தான், பாட்டு வாசிக்கப் போனவங்க யாரும் இல்ல. போன வாரம் சென்னையில இருந்து ஒரு ஏஜென்ட் பேசினார். பயணிகள் கப்பல்ல மியூசிஷியன் வேலை, மாசம் ஒன்றரை லட்சம், ஆடிஷன் வேண்டாம், என் இன்ஸ்டா வீடியோவே போதும்னார். ப்ராசஸிங் சார்ஜ் மட்டும் 1,75,000 கட்டணுமாம். அம்மா சங்கிலியை அடகு வச்சிக்கலாம்னு சொல்லுதாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல.

இந்த மாதிரி வேலைக்குப் போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்கண்ணே. காது நல்லா இருக்கும். எந்தப் பாட்டா இருந்தாலும் ரெண்டு தடவை கேட்டா வாசிச்சிருவேன். அது போதுமா?

இன்ஜின்ரூம்_மணி

தம்பி, பணத்தைக் கட்டாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

நான் சரக்குக் கப்பல்ல செகண்ட் இன்ஜினியர். மியூசிக் தெரியாது, ஆனா பேண்டுல வாசிக்கிறவனும் சட்டத்துக்கு சீஃபேரர்தான், அதாவது கடல் தொழிலாளர். எம்எல்சி 2006-ன்னு கடல் தொழிலாளருக்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு. இந்தியா 2015-ல அதை ஏத்துக்கிட்டது. அதுப்படி, வேலை வாங்கித் தர்றதுக்குன்னு உங்ககிட்ட ஒரு பைசா வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மெடிக்கல், சிடிசி (கப்பல்ல வேலை பார்க்குறவங்களுக்கான அடையாளப் புத்தகம்), இந்தச் செலவுதான் உங்களோடது. விசாகூட கம்பெனி செலவு. பாதுகாப்பு கோர்ஸ் ஃபீஸ் இன்ஸ்டிட்யூட்டுல நேரா கட்டுறது, ஏஜென்ட் கையில கொடுக்குறது இல்ல.

அவர்கிட்ட ஆர்பிஎஸ்எல் நம்பர் கேளுங்க. கப்பலுக்கு ஆள் எடுக்க டிஜி ஷிப்பிங், அதாவது மத்திய அரசோட கப்பல் துறை, கொடுக்குற லைசன்ஸ் அது. அவங்க இணையதளத்துல லிஸ்ட் இருக்கு, ரத்தானதும் அதுலயே தெரியும். நம்பரைக் கேட்டதுமே குரல் மாறும் பாருங்க.

பெரம்பூர்_பியானோ

மணி சார் சொன்னதுக்கு மேல பணத்தைப் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆடிஷனே வேண்டாம்னு சொன்னான் பாருங்க, அந்த இடத்துலயே போனை வச்சிருக்கணும். மியூசிஷியனை ஆடிஷன் பண்ணாம கப்பல்ல ஏத்துறது, டெஸ்ட் வைக்காம டிரைவரை பஸ்ல உட்கார வைக்கிற மாதிரி.

ஏஜென்ட் கதை இன்னைக்கு நேத்து வந்ததில்ல. 1912-ல டைட்டானிக்ல எட்டு பேர் வாசிச்சாங்க இல்லையா, அவங்க கப்பல் கம்பெனி ஆளுங்க கிடையாது. லிவர்பூல்ல இருந்த ஒரு ஏஜென்சி அனுப்பின ஆளுங்க. எட்டு பேரும் போயிட்டாங்க. அதுல ஜாக் ஹியூம்னு ஒரு வயலின்காரப் பையன். அவன் யூனிஃபார்முக்கு பாக்கி இருக்குன்னு அவங்க அப்பாவுக்கு ஏஜென்சி பில் அனுப்பிச்சு. நிஜமா நடந்தது.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். நான் 2009-ல மயாமியில முதல் தடவை ஏறினேன். அஞ்சு வருஷத்துல ஆறு கான்ட்ராக்ட். கரீபியன் ரொம்ப, அலாஸ்கா ரெண்டு சீசன். இப்போ பெரம்பூர்ல பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். ஏறும்போது நானும் உங்களை மாதிரிதான், காதுதான் எனக்கு சொத்து. பதினஞ்சு வருஷம் லைட் மியூசிக்ல ஓடின கை. ஆடிஷன்ல எப்படியோ தேறிட்டேன். ஆடிஷன் ஸ்கைப்ல. அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நாலு சார்ட் (பாட்டோட நோட்ஸ் எழுதின தாள்) அனுப்பினாங்க. ஸ்விங் ஒண்ணு, போஸா நோவா ஒண்ணு, ஒரு ஃபங்க், ஒரு மெதுவான பேலட். நாலையும் வேற வேற வேகத்துல, தாளம் தட்டுற கிளிக் சத்தத்தோட வாசிக்கச் சொன்னாங்க. மூணு தேறிச்சு.

மாட்டினது ஏறின மூணாவது நாள். கப்பல்ல வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் கெஸ்ட்டா வருவாங்க, பாடகர், வித்தைக்காரர்னு. மத்தியானம் துறைமுகத்துல ஏறுவாங்க. நாலு மணிக்கு ரிகர்சல், அதுவும் ஒரு மணி நேரம்தான். ராத்திரி ரெண்டு ஷோ. அன்னைக்கு வந்த அம்மா ஒரு தோல் பையைத் திறந்து ஆளுக்கு ஒரு ஃபைல் கொடுத்தாங்க. பன்னெண்டு பாட்டு. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாள், மடிப்புல செலோடேப். இதுக்கு முன்னாடி வாசிச்ச யார் யாரோ பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. ஸ்பானிஷ்ல ஒரு வரி, எனக்குப் படிக்கவே தெரியாத லிபியில ஒரு வரி, ஒரு இடத்துல மூக்குக் கண்ணாடி படம்.

மூணாவது பாட்டு இ ஃபிளாட், நம்ம கணக்குல ரெண்டரைக் கட்டை. நடுவுல திரும்பிப் போற குறியீட்டைக் கவனிக்காம நேரா கீழே போயிட்டேன். பேண்டு மேல இருக்கு, நான் கீழே இருக்கேன். பக்கத்துல பாஸ் வாசிச்சவர் ஃபிலிப்பைன்ஸ்காரர், நல்ல மனுஷன். "ஜி! ஜி!"ன்னு உதட்டை அசைச்சுக் காட்டினார். அவர் சொன்னது சார்ட்ல பெட்டி போட்டு ஜி-ன்னு குறிச்சிருக்குற இடத்துக்கு வான்னு. நான் என்ன பண்ணேன்? இ ஃபிளாட் பாட்டுல சம்பந்தமே இல்லாத ஜி மேஜர் கார்டை அழுத்தமா வச்சேன். பாடின அம்மா பாட்டை நிறுத்தாமலே திரும்பி என்னைப் பார்த்தாங்க. ஷோவுக்கு முன்னாடி அந்த இடத்துல நானும் பென்சில் எடுத்து எழுதினேன், தமிழ்ல: "ஏமாறாதே, மேலே போ." எனக்கு அப்புறம் வாசிச்சவன் அதை என்னன்னு நினைச்சிருப்பான்னு தெரியாது.

அதனால "காது போதுமா"ன்னா, போதாது தம்பி. நோட்ஸ் பார்த்ததும் வாசிக்கணும். பழகி வாசிக்கிறது வேற. ட்ரினிட்டி அஞ்சாவது கிரேடுன்னு சொன்னீங்களே, அதுல சைட் ரீடிங் (புது நோட்ஸைப் பார்த்ததும் வாசிக்கிற டெஸ்ட்) எடுத்தீங்களா? அஞ்சு வரைக்கும் சப்போர்ட்டிங் டெஸ்ட்ல ரெண்டை நாமளே தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான பசங்க சைட் ரீடிங்கைத் தவிர்த்துட்டு ஆரலும் (காதால கேட்டு பதில் சொல்றது) மியூசிக்கல் நாலெட்ஜும் எடுத்துடுவாங்க. என் ஸ்டூடண்ட்ஸும் அப்படித்தான், திட்டிட்டே இருப்பேன்.

இன்னொண்ணு, உங்க கீபோர்டுல ஸ்கேலை மாத்துற டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும். மனசுல கை வச்சு சொல்லுங்க, பாடுறவங்க அஞ்சரைக் கட்டைன்னு சொன்னா கை அங்கே போகுதா, பட்டனுக்குப் போகுதா? கிராண்ட் பியானோவுல அந்தப் பட்டன் கிடையாது. பாடுறவங்க மைக்குல ஸ்கேல் சொல்ல மாட்டாங்க, முதுகுக்குப் பின்னாடி விரலைக் காட்டுவாங்க. மூணு விரல் கீழே பார்த்தா மூணு ஃபிளாட் இருக்குற ஸ்கேல், மேலே பார்த்தா மூணு ஷார்ப் இருக்குற ஸ்கேல். சாக்ஸபோன், ட்ரம்பெட் இருக்குற பேண்டுல ஃபிளாட் ஸ்கேல்தான் ஜாஸ்தி. நான் அந்தப் பட்டனை ஃபெவிகுவிக் வச்சு ஒட்டிட்டேன். வீட்டுல கத்தினாங்க.

எல்லா வேலையும் ஷோ பேண்டு இல்ல. பார்ட்டி பேண்டு இருக்கு, அங்கே இவ்வளவு படிக்க வேண்டாம். ஆனா பழைய அமெரிக்க டான்ஸ் பாட்டு, டிஸ்கோ, கன்ட்ரி, ரெகே, லத்தீன்னு நூத்தம்பது, இருநூறு பாட்டு கைவசம் இருக்கணும், கேட்டதும் வாசிக்கணும். அங்கே உங்க காது உங்களைக் காப்பாத்தும். ஆங்கிலத்துல பாட வந்தா இன்னும் நல்லது. பியானோ பார் தனி ஆள் வேலை: வாசிக்கணும், பாடணும், குடிச்சவங்ககிட்ட சிரிச்சுப் பேசணும். அது என் குணத்துக்கு ஒத்து வரல.

சம்பளம்: முதல் கான்ட்ராக்ட்ல எனக்கு மாசம் 1,900 டாலர். சாப்பாடு, படுக்கை இலவசம். வெயிட்டர்களுக்குக் கிடைக்கிற டிப்ஸ் நமக்கு வராது. ஆறு மாசத்துல ஒரு நாள்கூட முழு லீவு இல்ல, ஆனா ஒரு நாளைக்கு மேடையில நாலஞ்சு மணி நேரம்தான். ஜன்னல் இல்லாத ரூம்ல ரெண்டு பேர், மேலும் கீழுமா கட்டில். என் ரூம்காரன் தூக்கத்துல ட்ரம்ஸ் வாசிப்பான். கப்பல்ல எல்லாருக்கும் ஆபத்துக்கால வேலை ஒண்ணு உண்டு. எனக்கு அஞ்சாவது மாடிப்படி. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, ஜனங்களுக்குக் கையைக் காட்டி வழி சொல்லணும். பியானோவை விட அதைத்தான் கேப்டன் கேள்வி மேல கேள்வியா கேட்பார்.

பேப்பர் வேலை: இன்டாஸ் நம்பர் (கடல் தொழிலாளருக்கான பதிவு எண்), எஸ்டிசிடபிள்யூங்கிற பாதுகாப்பு கோர்ஸ் (கடல்ல குதிச்சுத் தப்பிக்கிறது, தீயணைப்பு, முதலுதவி இப்படி), சிடிசி, டிஜி ஷிப்பிங் அனுமதிச்ச டாக்டர்கிட்ட மெடிக்கல். வேலை உறுதியானா சி1/டி விசாவுக்கு (கப்பல் ஊழியருக்கான அமெரிக்க விசா) சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம். சில ரூட்டுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்பாங்க, அதை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டேன். இதெல்லாம் ரெண்டாவது. முதல்ல வாசிப்பு.

உங்க கொயர்ல பழைய ஆங்கிலக் கீதப் புத்தகம், நாலு குரலுக்கும் நோட்ஸ் போட்டது, எங்கயாவது பீரோவுல இருக்கும். தினம் இருபது நிமிஷம், பார்க்காத பக்கம் ஒண்ணு, தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சு. ஆறு மாசம் பண்ணிட்டு ஆடிஷனுக்கு வாங்க.

வயலின்_வள்ளி

பெரம்பூர் சார் எழுதினதைப் படிச்சுட்டு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா நானும் அந்த மாதிரி முழிச்சவதான்.

நான் கர்நாடக வயலின். ரெண்டு கான்ட்ராக்ட் ஸ்ட்ரிங் டூயோவா போனேன், நானும் ஒரு செல்லோக்காரியும், சாயங்காலம் லாபியில வாசிக்கணும். நமக்கு ச-ப-ச-ப சுருதி, தரையில உட்கார்ந்து வயலின் தலையைக் கால்ல ஊன்றி வாசிக்கிறோம். அங்கே நின்னுக்கிட்டு, தாடையில இடுக்கிக்கிட்டு, தந்திகூட வேற சுருதி. போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வெஸ்டர்ன் மாஸ்டர்கிட்ட பிள்ளையார் சுழியில இருந்து ஆரம்பிச்சேன். அப்படியும் வால்ட்ஸ்ல ஒரு நீள நோட் வந்தா விரல் தானா கமகம் போட்டுடும். செல்லோக்காரி என் காதுகிட்ட வந்து, "ரொம்ப அழகா இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம்"னு சொல்லுவா.

பொண்ணுங்க யாராவது இதைப் படிச்சா: ரூம் இன்னொரு பொண்ணோடதான். பயணிகள் ரூமுக்குள்ள நாம போனா, என்ன காரணம் சொன்னாலும், அடுத்த துறைமுகத்துல இறக்கிடுவாங்க. அந்த விதி நமக்கும் பாதுகாப்புதான். சைவம் சாப்பிடுறவங்க கவலைப்பட வேண்டாம், இந்தியக்காரங்க நிறைய பேர் வேலை செய்றதால க்ரூ மெஸ்ல பருப்பும் சோறும் எப்பவும் இருந்துச்சு. ஊறுகாய் மட்டும் கொண்டு போங்க.

முத்துநகர்_கீஸ்

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. ஏஜென்ட்கிட்ட ஆர்பிஎஸ்எல் நம்பர் கேட்டேன். "லைசன்ஸ் ரினியூவல்ல இருக்கு"ன்னார். அரை மணி நேரம் கழிச்சு அவரே கூப்பிட்டு, "சரி, இப்போதைக்கு 50,000 மட்டும் போடு"ன்னு ஒரு ஆள் பேர்ல இருக்குற அக்கவுண்ட் நம்பர் அனுப்பினார். நான் பதில் போடல. சங்கிலி அம்மா கழுத்துலயே இருக்கு.

பெரம்பூர் அண்ணே, நீங்க சொன்னது சரிதான். சைட் ரீடிங் எடுக்கல. ஆரல், மியூசிக்கல் நாலெட்ஜ். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

புத்தகம் கிடைச்சிட்டு. கோயில் மாடியில ஒரு பெட்டிக்குள்ள, கரையான் ஓரத்தைத் தின்னுருக்கு, நோட்ஸ் நல்லா இருக்கு. 60-ல வச்சேன். முதல் வரி வந்துட்டு. ரெண்டாவது வரியில இடது கை தப்பா போகுது, நின்னு, சரி பண்ணி, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கேன். இப்படியே இருபது நிமிஷமும் அந்த ஒரே பக்கத்துல போயிருது. இது சரியா?

பெரம்பூர்_பியானோ

சரியில்ல. அது ப்ராக்டீஸ், ரீடிங் இல்ல. நிக்காதீங்க. தப்பான நோட் போனா போகட்டும், அடுத்த பார் முதல் தட்டுல கை இருக்கணும், அவ்வளவுதான். இடது கையில கீழ் நோட்டை மட்டும் பிடிச்சாலும் போதும். கண்ணு எப்பவும் கைக்கு ரெண்டு தட்டு முன்னாடி போகணும். ஒரு பக்கம் ஒரே தடவை, எவ்வளவு கேவலமா இருந்தாலும் கடைசி வரைக்கும் போயிட்டு பக்கத்தைத் திருப்பிடுங்க. 60 வேகமா இருந்தா 46-ல வைங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

ஞாயித்துக்கிழமை புதுசா ஒரு பக்கம் எடுத்து, முதல் தடவை வாசிக்கிறதை அப்படியே வீடியோ எடுத்து இங்கேயே போடுங்க. முகமும் ரெண்டு கையும் தெரியணும். ரீவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போடாதீங்க, வெட்டாதீங்க. ஃபேன் சத்தம் இருந்தா இருக்கட்டும்.